கொரோட்காஃப் முறை

தமனிக்குள் ஊசியோ குழாயோ செலுத்தாமல், மேற்கையில் கட்டிய காற்றுப்பட்டையையும் ஸ்டெதாஸ்கோப்பையும் கொண்டு இரத்த அழுத்தத்தை அளக்கும் முறை; ஒலிகேட்பு வகையைச் சேர்ந்தது. பட்டையில் காற்றேற்றினால் புயத்தமனி நசுங்கி இரத்த ஓட்டம் நிற்கும். பிறகு நொடிக்கு 2 முதல் 3 மி.மீ. பாதரசம் என்ற வேகத்தில் காற்று இறக்கப்படும். முழங்கை மடிப்பில் முதலில் கேட்கும் தட்டொலி சுருக்கழுத்தத்தையும் (மேல் அளவு), ஒலி முற்றிலும் மறையும் புள்ளி விரிவழுத்தத்தையும் (கீழ் அளவு) காட்டும்.

சிலருக்கு இடையில் ஒலி மறைந்து மீளும்; இதைக் கவனியாவிடில் மேல் அளவு ஆபத்தான அளவுக்குக் குறைந்து பதிவாகும். ஆகவே மணிக்கட்டு நாடியைத் தொட்டபடி காற்றேற்றி, நாடி மறைந்தபின் மேலும் 30 மி.மீ. ஏற்றுவது இன்றியமையாதது. பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும்.

இத்தாலிய மருத்துவர் சிப்பியோனே ரிவா-ரோச்சி 1896இல் பட்டையுடன் கூடிய பாதரச அழுத்தமானியை அறிவித்தார். நாடியைத் தொட்டறிந்ததால் மேல் அளவு மட்டுமே கிடைத்தது. ரஷ்ய அறுவை மருத்துவர் நிக்கொலாய் கொரோட்காஃப் 1905இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒலிகேட்பு உத்தியை வெளியிட்டபின் கீழ் அளவும் கைவந்தது.

வீடுகளில் புழங்கும் மின்னணுக் கருவிகள் பெரும்பாலும் ஒலியைக் கேட்பதில்லை; பட்டையில் எழும் அதிர்வின் உச்சத்திலிருந்து சராசரி அழுத்தத்தை அறிந்து மற்ற இரண்டையும் கணக்கிடுகின்றன. இதயத்துடிப்பு சீரற்றவர்களிடம் இக்கணக்கு பிழைபடலாம்.