தலைநகரில் மூன்றாம் தமிழ்: தில்லிப் பள்ளி மேடையும் நாடக மொழியும்

தில்லித் தமிழரின் கலை வாழ்வைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இசைச் சபைகளையும் பரதநாட்டிய ஆசிரியர்களையுமே கருதுகின்றனர். பள்ளி மேடை அவர்கள் கண்ணிற் படுவதில்லை. ஆண்டு விழாவுக்கென எழுதப்பட்டு, ஒரே மாலையில் நடிக்கப்பட்டு, பின்னர்க் கைப்படியும் காணாமற்போகும் நாடகத்திற்கு இலக்கிய வரலாற்றில் இடமில்லை என்பது உண்மையே. மொழி வரலாற்றில் அதற்கு இடமுண்டு என்பது இக்கட்டுரையின் கருத்து. முத்தமிழுள் இசையும், கூத்தின் ஆடற்கூறும் தமிழறியாதார்க்கும் சென்று சேர்வன. பேச்சு நாடகம் அத்தகையதன்று. பேசத் தெரிந்த நடிகனும் கேட்கத் தெரிந்த அவையும் இல்லாதவிடத்து அது நிகழ்வதில்லை. தென் தில்லியின் சரோஜினி நகரையும் அதனைச் சூழ்ந்த இலட்சுமிபாய் நகர், மோதிபாக், இராமகிருஷ்ணபுரம் ஆகிய பகுதிகளையும் முன்வைத்து இது இவண் நோக்கப்படுகிறது.

தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றும் அறிவிப்பு 1911இல் வெளியாயிற்று. கோடையில் சிம்லாவும் குளிர்காலத்தில் தில்லியுமாக அரசு அலுவலகங்கள் இடம்பெயர்ந்த அக்காலத்தில், சென்னை மாகாணத்திலிருந்து வந்த எழுத்தர்களின் பிள்ளைகளுக்காக 1923இல் ஒரு கல்விக் கழகம் தோன்றியது. அதன் பெயர் மதராஸி கல்விக் கழகம். இன்று ஏழு மேனிலைப் பள்ளிகளை நடத்தும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் தொடக்கம் அதுவே. பெயர் மாற்றம் மொழியியலார் கவனத்திற்குரியது. 'மதராஸி' என்பது மாகாணப் பெயரினின்று வடக்கே வழங்கிய சொல். தமிழர், தெலுங்கர், கன்னடர், மலையாளிகள் அனைவரையும் ஒரே பையில் இட்டுக் கட்டுவது. ஆந்திரக் கல்விச் சங்கம் 1948இல் துர்க்காபாய் தேஷ்முக்கின் முயற்சியால் தில்லியில் தனியே நிறுவப்பட்டது. மொழிவழி மாநிலங்கள் அமைவதற்கு முன்பே தலைநகர்ப் பள்ளிகளில் மொழிவழிப் பிரிவு தொடங்கிவிட்டது என்பதற்கு இது சான்று. மதராஸி என்னும் சொல் உதிர்ந்து தமிழ் என்னும் சொல் பெயர்ப்பலகையில் ஏறியபோது, பள்ளி மேடைக்கும் ஒரு கடமை வந்து சேர்ந்தது: தமிழ் என்பது கேட்கப்படவும் வேண்டும்.

விடுதலைக்குப்பின் விநய் நகர் என்னும் பெயரில் நடுவணரசு ஊழியர்க்கு எழுப்பப்பட்ட குடியிருப்புகளே பின்னர்ச் சரோஜினி நகர் முதலிய பெயர்களைப் பெற்றன. (ஐதராபாத்தில் வங்கக் குடும்பத்திற் பிறந்து ஆங்கிலத்தில் கவிதை எழுதியவரின் பெயர், பன்மொழி ஊழியர் குடியிருப்புக்குப் பொருத்தமாகவே அமைந்தது.) இங்கே விநாயகர் கோயிலும், அடுத்துள்ள இலட்சுமிபாய் நகரில் கழகப் பள்ளியும் அமைந்தன. 1946இல் தொடங்கப்பெற்ற தில்லித் தமிழ்ச் சங்கத்தின் கட்டடமும் மலை மந்திர் எனப்படும் முருகன் கோயிலும் இராமகிருஷ்ணபுரத்தில் உள்ளன. பள்ளி, கோயில், சங்கம் என்னும் மூன்றும் ஒரு பேருந்துத் தொலைவிற்குள் அமைந்த பகுதி இது.

இப்பகுதிச் சிறார் தெருவில் இந்தியும், வீட்டில் பெற்றோரின் ஊர்வழக்கும், பாடநூலில் எழுத்துத் தமிழும், பிற பாடங்களில் ஆங்கிலமும் கேட்டு வளர்பவர். இவர்களுக்கு நாடகம் எழுதும் ஆசிரியர் எத்தமிழில் எழுதுவது? அரசவை நாடகங்கள் பள்ளி மேடைகளில் மிகுதியாக விரும்பப்படுவதற்குப் பழம்பெருமைப் பற்று மட்டுமே காரணம் எனக் கொள்வது போதாது. தஞ்சையார், நெல்லையார், சேலத்தார் ஒரே அவையில் அமர்ந்திருக்கையில் எவர் வீட்டு வழக்கைச் 'சாதாரணப் பேச்சு' என மேடையேற்றினாலும் மற்றவர்க்கு அது அயலாகத் தோன்றும். சில வேளைகளில் சாதி அடையாளமாகவும் ஒலிக்கும். செந்தமிழ் எவர் வீட்டுக்கும் உரியதன்று. ஆதலின் எல்லார்க்கும் ஒத்தது. தமிழ்நாட்டில் இரட்டை வழக்கின் உயர்நிலை வடிவம் கல்வியின் அடையாளம். தில்லியிலோ அது கூடுதலாகப் பொதுமையின் கருவியும் ஆயிற்று. இவ்வேறுபாடு தமிழ் இரட்டை வழக்கு பற்றிய ஆய்வுகளில் இன்னும் விரிவாக எடுத்துரைக்கத்தக்கது.

இவ்விரு வழக்குகளும் ஒருவரிடமே குடிகொண்டிருந்தமைக்குப் பூர்ணம் விசுவநாதன் நல்ல எடுத்துக்காட்டு. தில்லி வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர்; 1947இல் விடுதலைச் செய்தியைத் தமிழில் அறிவித்த குரல் அவருடையது என்பர். ஆகாசவாணியின் தமிழ்ச் செய்தி நடை தில்லியில் அமர்ந்து ஆங்கிலத்திலிருந்து நாள்தோறும் மொழிபெயர்த்தவர்களால் உருவானது என்பதை மொழிபெயர்ப்பாளர்கள் மறத்தல் ஆகாது. அதே மனிதர் பின்னர்ச் சென்னை மேடையில் சுஜாதாவின் நாடகங்களில் இயல்பான பேச்சுத் தமிழுக்குப் பெயர்பெற்றார். எழுத்து வடிவை வாயாற் பழக்கியவர்க்குப் பேச்சு வடிவின் நுட்பமும் செவியிற் படுகிறது போலும்.

தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த இந்திரா பார்த்தசாரதி 'மழை', 'ஔரங்கசீப்' முதலிய நாடகங்களை அந்நகர வாழ்க்கைக் காலத்தில் எழுதினார். 1965இல் 'கணையாழி' இதழ் தொடங்கியதும் தில்லியில்தான். 'ஔரங்கசீப்' நாடகத்தை இங்குக் குறிப்பாகக் கருத வேண்டும். தில்லியின் பேரரசர் தில்லியின் தெருக்களில் எவரும் பேசாத மொழியில் பேசுகிறார். ஆயினும் அவர் தமிழ், சேரசோழ நாடகங்களின் அடுக்குமொழி அன்று. மொழிபெயர்ப்பாளர் நாள்தோறும் எதிர்கொள்ளும் சிக்கலுக்கு, மூலநூலே மொழிபெயர்ப்புப் போல எழுதப்பட்டு விடை காணப்பட்டுள்ளது. கன்னடத்தில் 1964இல் எழுதப்பட்ட கிரீஷ் கர்னாடின் 'துக்ளக்', அல்காஜியின் இயக்கத்தில் இந்துஸ்தானியில் பழைய கோட்டையின் மதில்களுக்கிடையே நடிக்கப்பட்டுத் தலைநகர் முழுதுக்கும் உரியதாயிற்று. தமிழ் நாடகத்திற்கு அத்தகைய பொது அவை அந்நாளில் வாய்க்கவில்லை. தலைநகர் மேடையில் நாடகம் மொழிபெயர்ப்பில்தான் குடியுரிமை பெறுகிறது.

ஆடல் வேறு வழியிற் சென்றது. குடியரசு நாள் விழாவுடன் 1953 முதல் நாட்டுப்புற நடன விழா இணைக்கப்பட்டது. ஒவ்வொரு மாநிலமும் ஓர் ஆடலால் அறியப்படும் முறை அதனால் வலுப்பெற்றது. இம்முறையில் தமிழ் என்பது கரகமும் காவடியும், சொல் தேவையில்லை. பள்ளி விழாக்களும் இதனைப் பின்பற்றின. தமிழறியாத சிறப்பு விருந்தினர் முன்வரிசையில் அமர்ந்திருக்கையில் பத்து நிமிட ஆடலை வைப்பது எளிது. நாற்பது நிமிட நாடகத்தை வைப்பது அரிது. விழாத் தொகுப்புரை இந்திக்கும் ஆங்கிலத்திற்கும் மாறுவதும் இதனோடு சேர்ந்ததே.

ஆயினும் ஆடல் சில வேளைகளில் மொழியைத் திரும்ப அழைத்து வருவதும் உண்டு. சரோஜா வைத்தியநாதன் 1974இல் தில்லியில் நிறுவிய கணேச நாட்டியாலயாவில் பரதம் பயில்வோர்க்குக் கருநாடக இசையுடன் தமிழும் கற்பிக்கப்பட்டது. பதத்தின் சொற்பொருள் அறியாமல் அபிநயம் இல்லை என்பது அதன் அடிப்படை. பள்ளி இலக்கணம் கற்பிக்கத் தவறியதை ஒரு பதவுரை கற்பித்துவிடுவதும் உண்டு.

இனி, கைப்படிகளுக்கு வருவோம். தமிழ் பேசவோ கேட்டுணரவோ இயன்று, எழுத்தில் தடுமாறும் மாணவர் தம் வசனத்தைத் தேவநாகரியில் எழுதிக்கொள்வது தில்லியில் அரிதன்று. ஆசிரியர்கள் இதனைக் குறையாகக் கருதுவர்; மொழியியலார்க்கு இது பெருஞ்செல்வம். தமிழெழுத்து 'சொல்' என்பதன் முதலொலி ச்சகரமா ஸகரமா என உரைப்பதில்லை. ககரம் எங்கே மென்மையுற்றது என்பதையும் உரைப்பதில்லை. தேவநாகரியில் எழுதுவோர் ஒவ்வோர் இடத்தும் ஓர் எழுத்தைத் தெரிந்தெடுத்தே ஆக வேண்டும். ஆகவே அக்குறிப்பு ஒரு குடும்பத்தின் ஒலிப்பைத் தன்னையறியாமல் பதிவு செய்கிறது. மறுபுறம், வழக்கமான தேவநாகரியில் குற்றெகர ஒகரங்கள் இல்லை. நடுவண் இந்தி இயக்ககம் 1966இல் வெளியிட்ட விரிவுபடுத்திய தேவநாகரியில் இவற்றுக்கும் ழகரம் முதலியவற்றுக்கும் குறிகள் உண்டு. பள்ளிக் குறிப்பேடுகளை அவை எட்டவில்லை. இதனால் 'கொல்' என ஆணையிட வேண்டிய அரசன் 'கோல்' என முழங்கக் கூடும். வீட்டில் தமிழ் பேசும் மாணவன் எழுத்து எவ்வாறிருப்பினும் குறிலாகவே ஒலிப்பான். எழுத்தை மட்டும் நம்பியவன் நெடிலாக்குவான். மேடையில் கேட்கும் ஒரு மாத்திரை வேறுபாடு, அச்சிறுவனின் வீட்டுமொழி யாது என்பதைக் கணக்கெடுப்புப் படிவத்தினும் நேர்மையாகக் கூறிவிடும்.

இத்தகைய குறிப்பேடுகளைத் தேடும் பணியை இனியும் தள்ளிப்போட இயலாது. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு குடியிருப்புகளை மறுகட்டுமானம் செய்ய நடுவணரசு 2016 ஜூலையில் ஒப்புதல் அளித்தது; ஏறத்தாழ 13,000 பழைய வீடுகளுக்கு மாற்றாக 25,000க்கு மேற்பட்ட வீடுகள் திட்டமிடப்பட்டன. பழைய வீடுகள் காலியானபோது, பரணிலிருந்த தாள்களும் உரியவர் கையை விட்டன. இன்னொரு பகுதியில் நிகழ்ந்தது மேலும் கடுமையானது. ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டி, தமிழ்நாட்டிலிருந்து வந்த உழைப்பாளர் குடும்பங்கள் பல்லாண்டுகள் வாழ்ந்த குடியிருப்பு, நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1ஆம் நாள் இடிக்கப்பட்டது. அதன் பெயர் மதராஸி கேம்ப். கல்விக் கழகம் உதிர்த்த பெயரை இவர்கள் இறுதிவரை சுமந்தனர். இங்கிருந்த சிறார் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்குச் சென்றுவந்தவர். எழுத்தர் குடும்பத்துப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிகளை நாடிய பின்னர், தமிழ் வகுப்பையும் தமிழ் மேடையையும் நிரப்பியவர்களுள் இத்தகைய பிள்ளைகள் முக்கியமானவர். அங்கிருந்த 370 வீடுகளில் 189 மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதியுடையனவாக அறிவிக்கப்பட்டன. அவை நகரின் வடகோடியான நரேலாவில் உள்ளன. கழகத்தின் ஏழு பள்ளிகளுள் ஒன்றும் நரேலாவில் இல்லை.