லண்டன் பத்திரிகைகளும் தெருப் பிள்ளைகளும்

1898 ஆகஸ்டில், விடுமுறை நாள் கலாட்டாவுக்குப் பிறகு, லண்டன் நாளிதழ்கள் ‘ஹூலிகன்’ என்று பெயர் சூட்டி இளவட்டங்களை வறுத்தெடுத்தன. நாடு கெட்டுவிட்டதென்று அலறின. அது புதுக் கூச்சல் அல்ல. செய்தியாளர் ஜேம்ஸ் கிரீன்வுட் 1869-லேயே லண்டனின் ஏழு சாபங்களைப் பட்டியலிட்டு, கவனிப்பாரற்ற குழந்தைகளை முதலிடத்தில் வைத்தார். எட்ட நின்று பார்த்தவர்கள் தங்கள் பயத்தைத்தான் எழுதினார்கள். கிட்டப் போய்க் கேட்டவர்களுக்கு வேறு கதை கிடைத்தது. பத்திரிகையாளர் ஹென்றி மேஹ்யூ பேட்டி கண்ட எட்டு வயதுச் சிறுமி, மெல்லிய பருத்தி கவுனும் நைந்த சால்வையுமாக, வாட்டர்கிரெஸ் கீரையைச் சந்தையில் வாங்கி, கட்டுக் கட்டித் தெருவில் விற்றவள். விளையாட்டைப் பற்றிச் சொல்ல அவளிடம் அதிகமில்லை. காசுக்கு எத்தனை கட்டு என்பது மட்டும் அத்துப்படி.

மேஹ்யூ பிள்ளைகளின் பேச்சைச் செப்பனிட்டிருப்பார், திருட்டுப் பையன்களும் இருந்தார்களே என்று கேட்கலாம். இருந்தார்கள்தான், அவர்களையும் கூட்டிவைத்து அவரே விசாரித்தார். வந்த பதில்களில் பிறவிக் குணத்தைவிட, வீட்டை விட்டு ஓடியதும் மலிவு விடுதிச் சகவாசமுமே அதிகம். செப்பனிட்டாலும் கேட்டு எழுதியதுதான் சான்று. கேட்காமல் எழுதியது வெறும் வசவு. சட்டமோ வசவின் பக்கமே சாய்ந்தது: 1854-இன் சீர்திருத்தப் பள்ளிச் சட்டப்படி, குற்றம் செய்த பிள்ளை பள்ளிக்குப் போகுமுன் குறைந்தது 14 நாள் சிறையில் இருக்க வேண்டியிருந்தது.