ஓரியூர்க் கதையில் ஒரு பெண்

யூபிலியை முன்னிட்டு, நமது பங்கின் தாய்மாரும் இளம் பெண்களும் ஆலய முற்றத்திலே மூன்று ஞாயிறு மாலைகளில் அமர்ந்து சித்திரம் தீட்டினர். இப்பகுதி வரலாற்றிலே மறக்கப்பட்ட பெண்கள் என்பதே பொருள். காவிக்கட்டி, கரித்துண்டு, பழைய வேட்டித்துணி இவையே கருவிகள். யாரை வரையலாம் என்று கேட்டேன். பென்னிகுவிக் துரையைச் சொன்னார்கள், வீரமாமுனிவரைச் சொன்னார்கள். பெண் பெயர் ஒன்றும் வரவில்லை. கடைசியில் ஒரு பாட்டியம்மாள், "சாமி, அருளானந்தரைக் காட்டிக் கொடுத்தாளே, அவளும் பொம்பளைதானே?" என்றார். எல்லாரும் சிரித்தோம். அன்றிரவு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் பெயர் கடலாயி. மறவர் நாட்டிலே சிறுவல்லித் தலைவர் தடியத்தேவரின் மனைவியருள் இளையவள்; கிழவன் சேதுபதிக்கு நெருங்கிய உறவினள். தீராத நோயினின்று சுகம்பெற்ற தடியத்தேவர் திருமறையில் சேர விரும்பினார். முதல் மனைவியைத் தவிர மற்றவரை விலக்க வேண்டும் என்றார் அருளானந்தர். தேவரும் இசைந்தார். 1693 ஜனவரி 6, மூவிராசாக்கள் திருநாளன்று அவருக்குத் திருமுழுக்கு. கடலாயி சேதுபதியிடம் முறையிட்டாள். இரண்டே நாளில் அருளானந்தர் சிறைப்பட்டார். பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரிலே அவர் தலை வெட்டப்பட்டது.

அருளப்பருக்கு ஏரோதியாள், அருளானந்தருக்குக் கடலாயி என்று குருமடத்திலே படித்தேன். அப்படியே பல ஆண்டுகள் பிரசங்கமும் செய்தேன். ஒப்புமை பாதிதான் பொருந்தும். ஏரோதியாள் தன் கணவன் உயிரோடிருக்க அவன் சகோதரனை மணந்தவள். கடலாயியோ நாட்டு வழக்கப்படி முறையாக மணமுடித்து வந்தவள். அவள் செய்த பிழை என்ன? புனிதர் கேட்டது திருச்சபைச் சட்டம். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வாசலுக்கு வெளியே நின்றவள் எங்கே போனாள், எப்படிப் பிழைத்தாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. விலக்கப்பட்ட மற்ற மனைவியரின் பெயர்கூட நம் பிரசங்கங்களில் வருவதில்லை. கடலாயி கோபப்பட்டதாலேயே அவள் பெயராவது மிஞ்சியது!

மறு ஞாயிறு இதைச் சொன்னபோது இளம்பெண் ஒருத்தி மாயக்காளை நினைவூட்டினாள். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரிலே, குற்றப்பரம்பரைச் சட்டத்தின்படி கைரேகை வைக்க மறுத்த மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீசார் சுட்டனர். உயிர் நீத்த பதினாறு பேருள் ஒரே பெண் மாயக்காள். குண்டடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள் என்பது ஊரார் வாய்மொழி. அச்சட்டம் நமது மாகாணத்திலே ஒழிந்தது 1947இல். அருளானந்தர் புனிதர் பட்டம் பெற்றதும் அதே ஆண்டுதான்.

மாயக்காளுக்கு எவரும் மறுப்புச் சொல்லவில்லை. தண்ணீர்க் குடத்தோடு அழகாக வரைந்தார்கள். கடலாயி விஷயத்தில்தான் தகராறு. "புனிதரைக் கொல்ல வைத்தவளுக்குக் கோயிலில் படமா?" என்று பங்குப் பெரியவர் ஒருவர் என்னிடமே கேட்டார். அவர் கேட்டது நியாயமே. வரைந்த பெண்களோ அவளுக்கு முகமே எழுதவில்லை. கையில் துணிமூட்டையோடு, நமக்கு முதுகு காட்டி, ஒற்றையடிப் பாதையில் போகிறாள்.

படம் ஆலயத்துக்குள் இல்லை, பெரியவருக்காக விட்டுக்கொடுத்தேன். பங்கு மனையின் திண்ணைச் சுவரில் மாட்டியிருக்கிறது. திருமண ஓலை எழுத வருகிறவர்கள் அதன் கீழேதான் உட்காருகிறார்கள்.