வெள்ளை விரிப்பும் பந்தி உரிமையும்: யாழ்ப்பாணச் சமூக வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1

சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' என்னும் உல்லாசப் பயணக் கப்பல் 2023ஆம் ஆண்டு யூன் மாதத்திற் காங்கேசன்துறையை வந்தடைந்தது. அக்கப்பல் சேவைக்கு வந்த ஆண்டு 1990 ஆகும். வலிகாமம் வடக்கின் மக்கள் போரினால் தம் வீடுவாசல்களை விட்டு வெளியேறியதும் அதே ஆண்டிலேயே. கப்பல் துறையை அணுகிய நாளிலும் அம்மக்களின் காணிகள் முழுமையாக மீளக் கையளிக்கப்பட்டிருக்கவில்லை. இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்து நோக்குவது இக்கட்டுரையின் பொருளுக்குப் புறம்பானதன்று.

இத்தகைய கப்பல்களின் உயர்தர உணவுக்கூடங்களைப் பற்றி அண்மைக் காலத்தில் ஒரு விவாதம் நிகழ்ந்து வருகின்றது. கஞ்சியிட்டு மடிப்புக் கலையாது விரிக்கப்படும் வெள்ளை மேசைவிரிப்பைச் சில கப்பல் நிறுவனங்கள் கைவிட்டு, மெருகேற்றிய வெறும் பலகை மீதே உணவு பரிமாறத் தலைப்பட்டுள்ளன. விரிப்புப் போனதோடு விருந்தின் மாண்பும் போயிற்று என்பது ஒரு சாரார் முறைப்பாடு. உணவின் சுவை உணவிலேயே உள்ளது, துணியில் இல்லை என்பது மறுசாரார் கூற்று.

இவ்வினா அற்பமானது என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், எதன் மீது உண்பது, எவரோடு உண்பது, எப்பாத்திரத்தில் அருந்துவது என்பனவற்றிற்காகப் போராடி உயிரிழந்தோரும் உள்ள ஒரு சமூகத்தின் வரலாற்றை ஆராயும் நாம் அவ்வாறு ஒதுக்குதல் இயலாது. விரிப்பு முக்கியமானதா என்னும் வினா, அதன் முன் அமரும் உரிமை எவருக்குண்டு, அதனை வெளுக்கும் கை எவருடையது என்னும் இரு வினாக்களாகப் பிரித்து ஆராயப்படல் வேண்டும் என்பதே எமது கருத்து. யாழ்ப்பாணச் சமூக வரலாறு இவ்விரு வினாக்களுக்கும் போதிய சான்று தருகின்றது.

2

மேசை யாழ்ப்பாணத்து இல்லங்களுக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்னரே வெள்ளைத் துணி இங்கு ஒரு சமூகக் குறியீடாக நிலைபெற்றிருந்தது. கலியாணப் பந்தலுக்கு வெள்ளை கட்டுதல், மணமக்கள் நடந்து செல்லும் வழியில் நிலபாவாடை விரித்தல், மரணச் சடங்கில் வெள்ளை பிடித்தல் ஆகியன கட்டாடி என வழங்கப்பட்ட சலவைத் தொழிலாளரின் கடமைகளாயிருந்தன. இவை கடமைகள் மட்டுமல்ல, உரிமைகளாகவும் கருதப்பட்டன. வெள்ளை கட்டப்படாத மங்கல நிகழ்ச்சி மதிப்புடையதாகக் கொள்ளப்படவில்லை. பூப்பு, பிரசவம், மரணம் ஆகிய துடக்குக் காலங்களில் மாற்றுத் துணி கொடுத்து, தீட்டுற்ற துணியைக் கொண்டு செல்வதும் அவர்களது பொறுப்பேயாம்.

ஒல்லாந்தர் ஆட்சியில் 1706-1707 காலப்பகுதியிற் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டம், நிலவுடைமையோடு இணைந்த அடிமை முறையை எழுத்தில் உறுதிப்படுத்தியது. அடிமைகள் ஒருபுறமிருக்க, குடிமக்கள் எனப்பட்ட தொழிற் பிரிவினர் நிலவுடைமைக் குடும்பங்களோடு பரம்பரையாகப் பிணைக்கப்பட்டிருந்தனர். கட்டாடியின் உழைப்புக்குக் கூலி நாளுக்கு நாள் கணக்கிடப்படவில்லை. அறுவடைக் காலத்து நெல்லும், சடங்குகளின்போது கிடைக்கும் அரிசியும் காய்கறியும் துணியுமே அவரது ஊதியமாயின. இலங்கையில் 1844ஆம் ஆண்டில் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும், குடிமை உறவு அச்சட்டத்தின் எல்லைக்குள் வராமையால் அடுத்த நூற்றாண்டிலும் தொடரலாயிற்று.

இங்கு ஒரு முரண்பாடு தெளிவாகின்றது. துணியின் தூய்மையை உண்டாக்கியவர் அவர். ஆயின் தூய்மையற்றவரெனக் கொள்ளப்பட்டவரும் அவரே. தாம் வெள்ளை கட்டிய பந்தலின் கீழ் மற்றவர்கள் பந்தியிலிருந்து உண்டெழும்வரை காத்திருந்து, கோடிப்புறத்தில் அவர் தம் பங்கைப் பெற்றுச் சென்றார். அவரது உழைப்பின் விளைபொருள் சபை நடுவில் இடம்பெற்றது. உழைத்தவர் சபைக்கு வெளியே நிறுத்தப்பட்டார். இம்முரண்பாடு கீழ்நோக்கியும் அடுக்கடுக்காக இயங்கிற்று. ஒடுக்கப்பட்ட சாதியினரின் துணிகளை வெளுப்பதற்குத் துரும்பர் என்னும் வேறொரு பிரிவினர் இருந்தமை இதற்குச் சான்றாகும்.

வெள்ளை ஓர் ஆயுதமாகவும் பயன்பட்டது. ஊர்க் கட்டுப்பாட்டை மீறியோர் எனக் கருதப்பட்ட குடும்பங்களுக்குக் கட்டாடியும் நாவிதரும் செல்லாதவாறு மறிக்கப்பட்டனர். இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய வழக்கமன்று. மத்திய கால ஐரோப்பாவில் பிரபுவின் மேசையில் ஒரே விரிப்பின் முன் அமர்தல் சம மதிப்பின் அடையாளமாயிருந்தது. 14ஆம் நூற்றாண்டுப் பிரான்சிலே மானம் இழந்தவனாகக் கருதப்பட்ட வீரன் ஒருவனை இழிவுபடுத்த வேண்டின், அவனுக்கு முன்னாலுள்ள மேசைவிரிப்பை வெட்டிவிடும் வழக்கம் இருந்ததாகக் கூறப்படுகின்றது. துணியை மறுப்பதன் மூலம் ஒருவரைச் சமூகத்திலிருந்து விலக்குதல், நிலமானிய உறவுகள் நிலவிய இரு வேறு சமூகங்களிற் காணப்படுதல் ஒப்புநோக்கத்தக்கது.

3

மேசையற்ற யாழ்ப்பாணத்தில், பிற்கால மேசையின் சமூகப் பணியைப் பந்தியே ஆற்றிற்று எனலாம். ஆறுமுக நாவலர் (1822-1879) தமது சைவ வினாவிடை இரண்டாம் புத்தகத்தில், போசன பந்திக்கு உரியோரைக் குறிப்பிடுகையில் சமசாதியினராதல், தீட்சை பெற்றிருத்தல், ஆசாரம் உடைமை ஆகியவற்றைத் தகுதிகளாக விதிக்கின்றார். மிஷனரிமாரின் கல்வி ஆதிக்கத்தை எதிர்த்து நின்ற நாவலரின் தேசியப் பங்களிப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அப்பங்களிப்பு எவ்வர்க்கத்தின் தளத்தில் நின்று ஆற்றப்பட்டது என்பதை இவ்விதி எமக்குத் தெளிவுறுத்துகின்றது. பந்தியின் ஒழுங்கு, நிலவுடைமையின் ஒழுங்கைச் சமய மொழியிலே மீண்டும் கூறிற்று.

அமெரிக்க மிஷனரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தனர். காங்கேசன்துறைக்கு அண்மையிலுள்ள தெல்லிப்பழையிலும், பின்னர் 1823இல் செமினரி தொடங்கப்பெற்ற வட்டுக்கோட்டையிலும் அவர்கள் நடத்திய விடுதிப் பள்ளிகள் ஆங்கிலக் கல்வியின் வாயில்களாயின. கல்வியை விரும்பிய உயர்சாதிப் பெற்றோர், தம் பிள்ளைகள் மிஷன் கூரையின் கீழ் உண்பதை விரும்பினாரல்லர். எனவே, தொடக்க காலத்தில் சமையற்கட்டு மிஷன் காணிக்கு வெளியே அமைய வேண்டியதாயிற்று. பாடம் ஓரிடத்திலும் சோறு வேறோரிடத்திலுமாக அமைந்த இவ்வேற்பாடு, புதிய கல்வியும் பழைய உற்பத்தி உறவுகளும் செய்துகொண்ட உடன்பாட்டின் உருவமேயாம்.

அவ்வுடன்பாட்டிலிருந்தே ஆங்கிலங் கற்ற உத்தியோக வர்க்கம் தோன்றிற்று. கொழும்பிலும் மலாயாவிலும் எழுதுவினைஞராகவும் பிற உத்தியோகத்தராகவும் பணிபுரிந்த அவ்வர்க்கத்தினரின் இல்லங்களில் மேசையும், அதன் மீது வெள்ளை விரிப்பும், பீங்கான் கோப்பையும் இடம்பெறலாயின. முன் மண்டபத்திலே துரைமாருக்கும் உத்தியோக நண்பருக்கும் மேசை. உள்ளே உறவினருக்கு வாழையிலை. கோடிப்புறத்திலே குடிமக்களுக்கு அவரவர் கொணர்ந்த பாத்திரம். ஒரே வீட்டின் மூன்று இடங்களில் மூன்று சமூக அமைப்புகள் ஒருங்கே இயங்கின எனலாம். மேசைவிரிப்பு வந்தமையால் பந்தி விதி அழிந்துவிடவில்லை. பழைய படிநிலையின் மேல் புதிய படியொன்று கட்டப்பட்டது என்பதே உண்மை.

4

இவ்வமைப்பிற்கு எதிரான முதல் நவீனக் குரல் 1920களில் எழுந்தது. மாணவர் காங்கிரஸாக 1924இல் தோன்றி, ஹன்டி பேரின்பநாயகம் முதலியோரின் தலைமையில் வளர்ந்த யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தீண்டாமை ஒழிப்பைத் தன் கொள்கைகளுள் ஒன்றாக வரித்துக்கொண்டது. அதன் அழைப்பின் பேரிலேயே 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். அக்காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பாடசாலையிலே நிலத்தில் இருத்தப்பட்டனர். ஏனையோர் வாங்கில் அமர்ந்தனர். சமாசனம், சமபோசனம் ஆகிய கோரிக்கைகள் இந்நிலையிலிருந்தே பிறந்தன. 1930ஆம் ஆண்டளவில் சமாசனம் நடைமுறைப்படுத்தப்பட்ட பாடசாலைகள் சில தீக்கிரையாக்கப்பட்டன. 1931இல் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தபோது, நிலத்திலிருந்த பிள்ளையின் தந்தைக்கும் வாங்கிலிருந்த பிள்ளையின் தந்தைக்கும் ஒரே பெறுமதியுடைய வாக்குக் கிடைத்தது. வாக்கில் வந்த சமத்துவம் வாங்கிற்கு வரவில்லை.

வாலிபர் காங்கிரஸ் கற்றோரின் இயக்கம். அதன் வரையறையை மீறி, ஒடுக்கப்பட்டோர் தாமே களத்தில் இறங்கியமையை அடுத்த கட்டமாக நாம் கொள்ளலாம். எம். சி. சுப்பிரமணியம் முதலியோர் முன்னின்று உழைத்த சிறுபான்மைத் தமிழர் மகாசபை, தேநீர்க்கடைகளிலும் ஆலயங்களிலும் சமத்துவம் கோரி நெடுங்காலம் போராடிற்று. பொது இடங்களில் சாதி காரணமாக ஒருவருக்கு இடமறுத்தலைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. எனினும், நாட்டுப்புறத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்டோருக்குப் போத்தலிலும் சிரட்டையிலும் தகரப் பேணியிலும் தேநீர் வழங்கப்படுதலும், அவர்கள் வெளியில் நின்று அல்லது நிலத்தில் இருந்து குடித்தலும் தொடர்ந்தன. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்திற்குப் புறப்பட்ட ஊர்வலமும், 1967இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும் இந்நிலையை நேரடியாக எதிர்த்தன. சங்கானை, சாவகச்சேரி, நெல்லியடி, கொடிகாமம் முதலிய இடங்களில் தேநீர்க்கடைகள் போராட்டக் களங்களாயின. தாக்குதல்கள் நிகழ்ந்தன, உயிர்களும் பலியாயின. 1972இல் வெளிவந்த கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல் இவ்வனுபவத்திலிருந்தே முகிழ்த்தது.

அத்தேநீர்க்கடைகளின் மேசைகளில் விரிப்பு ஏதும் இருக்கவில்லை. அதனை எவரும் கோரவுமில்லை. கோரப்பட்டது வாங்கில் ஓரிடமும், ஏனையோர் குடிக்கும் அதே கிளாசுமே. சில சதங்கள் பெறுமதியான தேநீருக்காக மனிதர் ஏன் உயிரைப் பணயம் வைத்தனர் என வினவுவோர் உளர். உற்பத்தி உறவுகளே அடிப்படை, உண்ணும் முறை முதலியன மேற்கட்டுமானத்தைச் சார்ந்தவை, ஆதலின் அவை இரண்டாந்தரமானவை எனக் கூறும் நண்பர்களும் எம்மிடையே உளர். இக்கூற்று மார்க்சியத்தை இயந்திரப் பாங்காக விளங்கிக்கொண்டதன் விளைவாகும். வயலில் நிலவிய உறவை அவ்வுழைப்பாளி அன்றாடம் கண்ணாற் கண்டதும் கையால் தொட்டதும் அப்போத்தலிலும் சிரட்டையிலுமே. கிளாசைப் பற்றிய கை, அதனூடாக அவ்வுறவையே பற்றி உலுக்கிற்று.

5

அண்மைக்கால யாழ்ப்பாணத்துக் கலியாண மண்டபங்களில் வெள்ளைத் துணி மீண்டும் பெருகியுள்ளது. மேசைகளுக்கு மட்டுமன்றிக் கதிரைகளுக்கும் வெள்ளை உறை அணிவிக்கப்படுகின்றது. வாடகைக்குப் பெறப்படும் அத்துணியை விரிப்பதற்கு எவரது பரம்பரை உரிமையும் வேண்டியதில்லை; பணமிருந்தாற் போதும். இதில் ஒரு முன்னேற்றம் உண்டு என்பதை நாம் மறுத்தலாகாது. கட்டாடியின் மக்கள் அக்கடமையிலிருந்து விடுபட்டமை, அவர்களும் அவர்தம் முன்னோரும் பெற்ற வெற்றியாகும். ஆயின் சந்தை உறவு உழைப்பாளியை இழிவுபடுத்துவதற்குப் பதிலாக அவரை மறைத்துவிடுகின்றது. நிலமானியச் சமூகத்தில் துணியை வெளுத்தவரைச் சபையோர் பெயரறிவர், அருகிருத்தமாட்டார். இன்றைய சபையில் அவர் எவரென்பதே தெரியாது.

இம்மறைப்பின் முழு வளர்ச்சியைக் கப்பலிலே காணலாம். மேல்தளத்து உணவுக்கூடத்தில் விரிக்கப்படும் துணி, கீழ்த்தளத்துச் சலவைக்கூடத்திற் சூட்டிலும் இரைச்சலிலும் வெளுக்கப்பட்டு வருவது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர் பெருந்தொகையாக இத்தகைய கப்பல்களிற் பணிபுரிகின்றனர். கப்பல்களோ பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியின் கீழ்ப் பதிவு செய்யப்படுகின்றன. சர்வதேசத் தொழில் தாபனம் 1919இல் இயற்றிய முதலாவது சமவாயம் ஆலைத் தொழிலாளருக்கு நாளுக்கு 8 மணித்தியாலமும் வாரத்திற்கு 48 மணித்தியாலமும் என வேலைநேர வரம்பு வகுத்தது. அதே தாபனத்தின் 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் சமவாயமோ 24 மணித்தியாலத்தில் 14 மணித்தியாலம், வாரத்தில் 72 மணித்தியாலம் வரை உச்ச வரம்பாக விதிக்க இடமளிக்கின்றது.

எனவே, விரிப்பை அகற்றுதல் எளிமையின் வெற்றி எனக் கொள்வதற்கு நாம் அவசரப்படலாகாது. நீர், எரிபொருள், துணி, உழைப்பு ஆகியவற்றின் செலவைக் குறைக்கும் நிறுவனம் அம்மிச்சத்தை இலாபமாகக் கொள்ளலாம். சலவைக்கூடத்தில் ஆட்குறைப்பும் செய்யலாம். விரிப்பை மீட்டுத் தருக எனக் கேட்கும் பயணியோ, தமக்குரிய மரியாதையைக் கேட்கின்றார். அதனை விரும்புதல் தவறன்று. வெளுத்த துணியின் அழகு மெய்யானது. மனித உழைப்பின் அழகு அது. அதனை அனுபவிக்கும் உரிமையை ஒரு சிலருக்கு ஒதுக்கி, ஆக்கியவரை அதனின்றும் விலக்கும் அமைப்பே கண்டனத்துக்குரியது.

மேசைவிரிப்பு முக்கியமானதா என்னும் வினாவிற்கு யாழ்ப்பாணத்து வரலாற்றினூடாக நாம் காணும் விடை இதுவே: ஒரு சமூகம் தன் மேசையில் விரிப்பதைக் கொண்டு அதன் நாகரிகத்தை அளத்தல் இயலாது. அவ்விரிப்பை வெளுத்தவர் தம் வேலை முடிந்து கைகழுவி வந்து, அதே மேசையில், அதே கிளாசில் அருந்த இயலுமா என்பதே அளவுகோல். நெல்லியடியிலும் சங்கானையிலும் தேநீர்க்கடை வாங்குகளில் அமர்ந்தோர் அவ்வளவுகோலை எமக்கு வகுத்துத் தந்துள்ளனர். காங்கேசன்துறைக்கு வரும் கப்பல்களையும், எமது கலியாண மண்டபங்களையும் அதனைக் கொண்டே நாம் அளத்தல் வேண்டும்.