நுவரெலியா குதிரைப் பந்தயத் திடல்

இலங்கை மலையகத்தில், நுவரெலியா நகரை ஒட்டி அமைந்த குதிரைப் பந்தயத் திடல். பிரித்தானியர் காலத்தில், 1875இல் உருவானது. ஆளுநர் கிண்ணம் முதலிய பந்தயங்கள் சித்திரைப் புத்தாண்டுப் பருவத்தில் நடைபெறும். கொழும்பிலிருந்து ஹட்டன் வழியாக வரும் ரயிலில் நானுஓயாவில் இறங்கி இங்கு வரலாம். 1956இல் பண்டாரநாயக்க அரசு குதிரைப் பந்தயத்தை நிறுத்தியது; 1981இல் நுவரெலியாவில் அது மீண்டும் தொடங்கியது.

குதிரைகள் ஓடுவது சில நாட்களே. பந்தயம் கட்டுவதோ ஆண்டு முழுவதும் நகரக் கடைகளில் நடக்கும். ‘ரேஸ் புக்கி’ எனப்படும் இவற்றில், அச்சிட்ட பந்தயத் தாளைப் பார்த்து, இங்கிலாந்தில் ஓடும் குதிரையின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பணம் கட்டுவர். உள்ளூர்த் திடலை விட இக்கடைகளே சூதாட்டத்தைப் பரவலாக்கின எனலாம். 1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இவற்றுக்கு வரி விதிக்கப்படுகிறது.