தடுப்பணையும் படகும்: மத்தியக் கலிமந்தானின் பீட் நில மீட்பில் வாழ்வாதாரத்தின் இடம்

சீரழிந்த பீட் நிலத்தை மீட்க முதலில் அதன் நீர்மட்டத்தை உயர்த்த வேண்டும். இதில் ஆய்வாளரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. உயர்த்திய நீரை ஆண்டுக்கணக்கில் காப்பது யார் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. இந்தோனேசியாவின் மத்தியக் கலிமந்தானைச் சான்றாகக் கொண்டு, அங்குள்ள மக்களின் பிழைப்புக்கு வழி காண்பதே நீர் நிற்பதற்கான முன்நிபந்தனை என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

மக்காத இலையும் வேரும் மரத்துண்டும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீரில் ஊறிப் படிந்து உருவானது பீட். கலிமந்தானில் அது ஆறுகளுக்கு இடையே மேடிட்டு, மழைநீரைத் தாங்கி நிற்கிறது. குறுக்கே வாய்க்கால் வெட்டினால் நீர் வடிந்துவிடும்; காற்றுப்பட்ட படிவு மக்கிக் கரியமில வாயுவாக வெளியேற, நிலம் தாழ்ந்துகொண்டே போகும். கோடையில் தீப்பற்றினால் மண்ணுக்குள்ளேயே வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். 1995 இறுதியில் அதிபர் சுகார்த்தோ அங்கு தொடங்கிய பத்து இலட்சம் ஹெக்டேர் நெல் திட்டத்துக்காக 4,000 கிலோமீட்டருக்கும் மேல் வாய்க்கால்கள் தோண்டப்பட்டன. எதிர்பார்த்த நெல் விளையவில்லை. 1999இல் திட்டம் கைவிடப்பட்டது. வாய்க்கால்கள் மட்டும் நீரை வடித்துக்கொண்டே இருந்தன. 2015இல் நாடு முழுவதும் எரிந்த 26 இலட்சம் ஹெக்டேரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பீட் நிலம். அவ்வாண்டுத் தீயின் இழப்பை உலக வங்கி 1,610 கோடி டாலர் என மதிப்பிட்டது.

மறு ஆண்டே பீட் மீட்பு முகமை அமைக்கப்பட்டது. நீரேற்றம், மரநடவு, வாழ்வாதாரம் என மூன்று பணிகளை அது ஏற்றது. இவற்றுள் எது எதற்கு அடிப்படை என்பதே என் கேள்வி. வாய்க்காலின் குறுக்கே இரு வரிசை மரக்கம்பங்கள் அறைந்து, இடையில் மண் மூட்டைகளை அடுக்கி எழுப்புவதுதான் அங்குள்ள எளிய தடுப்பணை. ஆனால் இருபது ஆண்டுகளில் அந்த வாய்க்கால் ஊராரின் பாதையாகிவிட்டது. ரப்பர் தோட்டத்துக்கும் மீன்பிடிக்கும் மரம் கொண்டுவரவும் படகு அதில்தான் போகிறது. படகு கடக்கத் தாழ்வான மடை விடாமல் கட்டிய அணையை ஊரார் உடைத்தால், அதை விழிப்புணர்வுக் குறைவு என்று எழுதிவிடுவது நியாயமாகாது. ஊரைக் கேட்காமல் இடம் குறித்த திட்டத்தின் பிழை அது.

ஈரத்தை நம்பிய தொழில்கள் அங்கு முன்பே உண்டு. இங்காஜு தயாக்கு மக்கள் ஆற்றோரத் தாழ்நிலங்களில் ‘பெஜே’ எனும் குளங்களை வெட்டுகிறார்கள். மழைக்காலத்தில் ஆறு பெருகி அவற்றை மூடும். வெள்ளம் வடிகையில் மீன் குளத்தில் தங்கிவிடும். கோடையில் மீனை அள்ளுவார்கள். தீ வந்தால் அதே குளத்து நீர் அணைக்க உதவும். நீர் தேங்கிய இடங்களில் வளரும் ‘புருன்’ கோரையை உலர்த்தி, இடித்துத் தட்டையாக்கிப் பெண்கள் பாயும் பையும் பின்னுகிறார்கள். நீர்மட்டம் இறங்கினால் இவ்விரு தொழிலும் நலியும். ஆகவே நீரைக் காப்பதில் இவர்களுக்கு நேரடி அக்கறை உண்டு.

எண்ணெய்ப்பனை தரும் வருமானத்தைக் கோரைப்பாய் தராது என்பார்கள். உண்மைதான், ஈர நிலத்தில் வளரும், பால் வடிக்கும் ஜெலுத்துங்கு மரமும் பலன் தரப் பல ஆண்டுகள் ஆகும். ஆனால் வடித்த பீட்டில் நட்ட பனையின் கணக்கில் தாழும் நிலமும் புகையும் செலவாக ஏறுவதில்லை. எனவே சந்தை விலையை மட்டும் வைத்து ஈரத் தொழில்களை எடைபோடுவது தவறு. நீரைத் தேக்கிவைக்கும் சேவைக்கு அரசு கூலி தர வேண்டும். அணையைப் பராமரிப்பது ஊராரின் சம்பள வேலையாக வேண்டும்.

மீட்புச் சுமையின் பங்கீடும் சீராக இல்லை. 2015க்குப் பின் தீ வைக்கத் தடை இறுகியபோது, தீயின்றி நிலம் திருத்த வசதியற்ற சிறு உழவரே முதலில் சாகுபடியை இழந்தனர். பெருந்தோட்டத்தின் ஆழமான வாய்க்காலோ பக்கத்து ஊரின் நீரையும் சேர்த்து உறிஞ்சுகிறது. நீர்மட்டம் தரைக்குக் கீழே 40 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாதென்ற 2016ஆம் ஆண்டு விதியைத் தோட்ட எல்லையில் அளந்து, அந்த அளவுகளை ஊர்க் கூட்டத்தின் முன் வைக்க வேண்டும். அணைகளுக்கான இடத்தைக் குறிக்கும் பணி அதன் பிறகே தொடங்கலாம்.