பானையின் கீழ் எரிந்த நெருப்பு

மதுபானங்களைச் சுவையாலும் போதையாலும் வகுப்பார் பலர். அவற்றை ஆக்குவதற்கு நெருப்பு வேண்டுமா, வேண்டாமா என்று பார்த்து வகுப்பதே, வரலாற்றை ஆராய்பவனுக்கு அதிகப் பயன் தருவது. கள், மரத்திலிருந்து இறங்கும்போதே புளிக்கத் தொடங்கிவிடுகிறது. அதற்கு விறகும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். சாராயத்துக்கும் பியருக்குமோ பானையின் கீழ் நெடுநேரம் நின்றெரியும் தீ இன்றியமையாதது. தீ மூட்டினால் விறகுச் செலவு உண்டு, புகை எழும், எழுந்த புகையை அரசாங்கத்தின் கண் காணும். வீட்டு முற்றத்தில் பியர் காய்ச்சுவதற்கு எந்த எரிவாயு அடுப்பு உகந்தது என்று மேல்நாட்டார் இன்று சாவகாசமாக விவாதிக்கிறார்கள். கண்டிக்குக் கிழக்கே மகாவலி வளைந்தோடும் தும்பறைப் பள்ளத்தாக்கில், பல்லேகலயில் நின்று அந்த விவாதத்தைக் கேட்பவனுக்கு, அது இந்த மலைநாட்டின் நெடிய கதையொன்றில் மிகப் பிந்திவந்த அத்தியாயமாகவே தோன்றும்.

பல்லேகல என்றவுடன் இக்காலத்தவருக்கு நினைவு வருவது 2009 இல் எழுந்த கிரிக்கெட் மைதானமும் கைத்தொழிற் பேட்டையுமே. ஆயினும் அதற்கு அயலிலுள்ள குண்டசாலை, 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட நரேந்திரசிங்கன் தன் வாசஸ்தலமாக விரும்பிக் கொண்ட இடம்; அவனுக்குப் பின் சிங்காசனம் மதுரைத் தொடர்புடைய நாயக்க வமிசத்துக்குப் போயிற்று. அந்த மன்னனுக்கும் ஒரு தலைமுறை முற்பட்டே, 1660 இல் சிறைப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து தப்பிச் சென்ற ஆங்கிலேயனான ரொபேர்ட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட தன் நூலில் கித்துள் என்னும் பனையினத்து மரத்தைப் பற்றி எழுதியிருக்கிறான். நாளைக்கு இரண்டு வேளை, நல்ல மரமாயின் மூன்று வேளை இறக்கப்படும் இனிய சாற்றையும், சாதாரண மரமொன்று ஒரு நாளில் மூன்று நான்கு கலன் தருவதையும், அதைக் காய்ச்சிக் கருப்பட்டி செய்யும் முறையையும் அவன் கூறியிருப்பதைப் படிக்கும்போது, கைதியாயிருந்தும் கண்ணைத் திறந்து வைத்திருந்த அவனுடைய நிதானத்தை மெச்சாமல் இருக்க இயலவில்லை.

கித்துளின் சாறு ஒன்றே. அது செல்லும் வழிகள் இரண்டு. சும்மா விட்டால் சில மணி நேரத்தில் நுரைத்துப் புளித்துக் கள்ளாகிறது. முட்டிக்குள் ஹல் மரத்துப் பட்டையைப் போட்டுப் புளிப்பைத் தடுத்து, இறக்கியவுடன் அடுப்பிலேற்றினால் பாணியாகிறது; இன்னும் வற்றவிட்டுச் சிரட்டையில் வார்த்தால் கருப்பட்டியாகிறது. ஆறு முதல் எட்டு லீற்றர் வரை சாறு வற்றினால் ஒரு லீற்றர் பாணி என்பது பொதுவான கணக்கு. கரண்டியிலிருந்து வழியும் பாணி நூலாக இழுபடும் பதம் வரும்வரை அடுப்பருகில் ஒருவர் அகலாமல் நிற்க வேண்டும். தீ சற்று மிஞ்சினால் அடிபிடித்துக் கசந்துவிடும், சற்றுக் குறைந்தால் பானையிலேயே புளித்துவிடும். கண்டியரசர் காலத்தில் இவ்வேலை ஒரு குறிப்பிட்ட குலத்தாரின் ராஜகாரியமாக இருந்தது. அரண்மனைக்குக் கருப்பட்டி அளப்பது அவர்கள் நிலம் அனுபவித்ததற்கு ஈடான கடமை. ஆகவே மலைநாட்டின் ஆதி அடுப்பு மதுவை ஆக்குவதற்காக எரிந்ததன்று, சாறு மதுவாகிவிடாமல் காப்பதற்காகவே எரிந்தது.

1815 ஆம் ஆண்டு மார்ச் மாதத்து ஒப்பந்தத்தோடு கண்டி பிரித்தானியர் வசமான பின்னர் நிலைமை வேறாயிற்று. 1820களில் கொழும்பு வீதி கடுகண்ணாவைக் கணவாயை ஊடறுத்து மேலேறியது. அந்த வீதியால் படை ஏறிற்று, பின்னர் கோப்பித் தோட்டங்களுக்குத் தேவையான பொருள்கள் ஏறின, கரையோரத்துத் தென்னஞ் சாராயமும் பீப்பாய் பீப்பாயாக வண்டியில் ஏறியது. ஜமைக்காவில் தோட்டத் தொழில் பயின்று 1837 இல் இலங்கைக்கு வந்த ஆர். பி. டைட்லர் என்பவர் தும்பறையில் கோப்பியைப் புதிய முறையில் பயிரிட்டுப் பெயர் பெற்றார். பிற்காலத்தில் பல்லேகலத் தோட்டம் கொக்கோவினால் அறியப்பட்டதற்கும் அவரே காரணர். இத்தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையும் மாத்தளையும் கடந்து நடந்து வந்த நம்மவர்களில் வழியிலேயே மடிந்தவர் போக, எஞ்சியவர்கள் மலையேறினர். லயன் எனப்பட்ட அவர்களுடைய வரிசை வீடுகளிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் மதுக்கடைகளான தவறணைகள் முளைத்தன.

அத்தவறணைகள் தாமாக முளைத்தவையல்ல. ஒரு பகுதியில் சாராயம் விற்கும் ஏகபோக உரிமையை ஏலத்தில் விட்டு, கூடிய தொகை கேட்டவருக்குக் கொடுப்பது அரசாங்கத்தின் வழக்கம். இது சாராயக் குத்தகை எனப்பட்டது. குத்தகை எடுத்தவர், கட்டிய பணத்தை மீட்டு லாபமும் காண வேண்டுமானால், குடிப்பவர் தொகை பெருக வேண்டும், அயலில் வேறெவரும் அடுப்பு மூட்டாதிருக்கவும் வேண்டும். இலங்கையின் புதுப் பணக்காரக் குடும்பங்கள் பலவற்றின் மூலதனம் இவ்வழியில் திரண்டது என்பதைப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் விரிவாகவே காட்டியுள்ளனர். ஆங்கிலேய அரசாங்கம் மதுவைப் பற்றி ஞாயிறுதோறும் கோவிலில் கேட்ட உபதேசத்துக்கும் திங்கட்கிழமை கச்சேரியில் எழுதிய கணக்குக்கும் இடையில் இருந்த தூரம் அளக்கற்பாலதன்று.

1904 இலும், மறுபடி 1912 இலும் எழுந்த மதுவிலக்கு இயக்கம் இந்த வருமானத்தின் மீது பௌத்தர் தொடுத்த தாக்குதல். பிற்காலத்தில் நாட்டின் முதற் பிரதமரான டி. எஸ். சேனாநாயக்காவும் அவர் தமையனார் எப். ஆரும் பொதுவாழ்வு பழகியது இம்மேடையிலேதான். 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் பழைய குத்தகை முறையை மாற்றி, மதுவரித் திணைக்களம் உருவாக வழி செய்தது. அன்று முதல் அனுமதியின்றி மதுவை வடிப்பதும் காய்ச்சுவதும் குற்றம். கள்ளிறக்கவும் அனுமதி வேண்டியதாயிற்று. கசிப்பு எனும் கள்ளச் சாராயம் காய்ச்சுவோர் ஓடைக்கரைக் காட்டுக்குள் ஒதுங்கியதன் காரணம் தண்ணீர் வசதி மட்டுமன்று. புகையை மரச்செறிவு கலைத்துவிடும் என்ற யுக்தியும் அதிலுண்டு. நாட்கணக்கில் பீப்பாயில் புளிக்கும் கோடா என்ற ஊறலைக் குழிக்குள் மறைத்துவிடலாம். இரண்டு மணி நேரம் எரியும் அடுப்பை மறைப்பதுதான் கஷ்டம்.

பியரின் சரித்திரம் இவையெல்லாவற்றுக்கும் மேலே, உயரத்தால் உண்மையாகவே மேலே, நுவரெலியாவில் தொடங்குகிறது. பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று புகழ் பெற்ற சாமுவேல் பேக்கர், 1840களின் இறுதியில் அங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நடுவதுபோல ஆட்களையும் மாடுகளையும் வேட்டை நாய்களையும் கப்பலில் கொணர்ந்து குடியேறினார். இலங்கையின் பியர்த் தொழில் தன் பூர்வீகத்தை 1849 இல் அவரிடமிருந்தே கணக்கிடுகிறது. ஸ்தாபனமாக நுவரெலியாவில் சிலோன் புரூவரி அமைந்தது 1881 இல் என்பர். குளிர்விக்கும் இயந்திரம் பரவாத அக்காலத்தில், ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலிருந்த அவ்வூரின் தட்பமே பியர் பழுதுபடாமல் புளிப்பதற்கான சாதனம். லவர்ஸ் லீப் அருவியின் நீரும் கிடைத்தது. மற்றவை யாவும் வெளியிலிருந்து வந்தன. முளைவிட்ட வாற்கோதுமையும் ஹாப்ஸ் பூவும் கப்பலில் வந்து மலையேறின. 1867 இல் கண்டியைத் தொட்ட புகையிரதப் பாதை 1885 இல் நானுஓயாவை எட்டிய பின்னரே அந்தச் சுமை இலகுவாயிற்று.

குளிர் செய்த உபகாரத்துக்கு உயரம் ஓர் அபகாரமும் செய்தது. நுவரெலியாவில் நீர் 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுகிறது. ஹாப்ஸின் கசப்பு வெளிப்படுவது கொதியின் சூட்டால் ஆகையால், அங்கே அதே கசப்பைப் பெற அதிக நேரம் காய்ச்ச வேண்டும், அல்லது அதிகப் பூவைச் செலவிட வேண்டும். பல்லேகலயிலோ கொதிநிலை 98 பாகைக்கு மேல். காய்ச்சுவதற்கு அது நல்ல இடம், புளிக்க வைப்பதற்கு ஆகாத இடம்.

இந்தப் பியரைத் தோட்டத் தொழிலாளி குடித்ததாக எண்ணிவிடலாகாது. அது துரைமாரின் கிளப்புக்குரிய பானம், தொழிலாளிக்குக் கள்ளும் சாராயமுமே. ஆனால் காலப்போக்கில் அந்தப் புரூவரியின் கறுத்துத் தடித்த லயன் ஸ்டவுட் என்னும் பியர் கண்டி நகரத்துச் சாதாரண மனிதனிடமும் வந்து சேர்ந்தது. மைக்கல் ஜாக்சன் என்ற ஆங்கிலேயப் பியர் எழுத்தாளர், பாடகரல்லர், கண்டியின் கடையொன்றில் அது பீப்பாயிலிருந்து கைப்பம்பினால் இறைத்து வார்க்கப்படுவதைக் கண்டு எழுதினார். 1990களின் பிற்பகுதியில் உற்பத்தி கொழும்புக்கு அருகே பியகமவுக்கு இறங்கிவிட்டது. குளிரை யந்திரம் தருமாயின் மலை எதற்கு?

வீட்டில் பியர் காய்ச்சும் பொழுதுபோக்கு மேல்நாடுகளில் பெருகியதும் சட்டம் தளர்ந்த பின்னரே. பிரித்தானியா 1963 இல் வீட்டுக் காய்ச்சலுக்கான அனுமதிப்பத்திரத்தை நீக்கியது. அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர் 1978 இல் கையொப்பமிட்ட சட்டம் அங்கே வழி திறந்தது. முற்றத்தில் மீனும் நண்டும் அவிப்பதற்கென்று தென்மாநிலத்தார் வைத்திருந்த புரொப்பேன் அடுப்பை வீட்டில் பியர் காய்ச்சுவோர் இரவல் வாங்கிக்கொண்டார்கள். அவர்களுடைய கணக்கு எளியது: 25 லீற்றர் வாற்கோதுமை வடிநீரை 65 பாகையிலிருந்து கொதிக்கு ஏற்ற, 3 கிலோவாட் தரும் சமையலறை அடுப்பு முக்கால் மணி நேரம் எடுக்கும், 15 கிலோவாட் அடுப்பு பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் முடிக்கும். ஒரே புள்ளியில் சீறும் சுடர் பாத்திரத்தின் அடியைக் கருக்கும்; பல துவாரங்களில் பரந்தெரிவது சாந்தமானது. காற்றுமறைப்பு அவசியம், கரியமில வாயுவினும் கொடிய கார்பன் மொனொக்சைட்டின் பொருட்டு, மூடிய அறைக்குள் இவ்வடுப்பை ஒருபோதும் மூட்டலாகாது. கண்டியில் கலியாண வீட்டுச் சமையற்காரர் முற்றத்தில் நிறுத்தும் இரும்பு அடுப்பு குணத்தில் இதற்கு உடன்பிறப்பே. ஆனால் அதன்மேல் பியரை ஏற்றினால் 1912 ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் குறுக்கே நிற்கும்.

இலங்கையில் கிடைப்பது தனிப் புரொப்பேனன்று, புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த சமையல் எரிவாயு. பியூட்டேன் பூச்சியப் பாகையருகிலேயே ஆவியாக மறுப்பதால், பியூட்டேன் மிகுந்த சிலிண்டர் நுவரெலியாவின் ஜனவரி இரவில் சோர்ந்து எரியும்; பல்லேகலயின் வெப்பத்தில் அக்குறை தெரியாது. 2021 இன் இறுதியில் நாடெங்கும் அடுப்புகளும் குழாய்களும் வெடித்தபோது, கலவையில் புரொப்பேனின் பங்கு ஐந்தில் ஒன்றிலிருந்து பாதியளவுக்கு உயர்ந்ததே பெரும் சர்ச்சைக்குள்ளாயிற்று. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தமும் கூடும். அடுத்த ஆண்டு எரிவாயுவே கிடையாமல் மக்கள் சிலிண்டரோடு வரிசையில் நின்றபோது, நகரத்து வீடுகளிலும் விறகடுப்பு திரும்பி வந்தது.

தும்பறை மலைக் கிராமங்களில் அது போகவேயில்லை. காரணத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். எட்டு லீற்றர் கித்துள் சாற்றில் ஏழு லீற்றரை ஆவியாக்கினால்தான் ஒரு லீற்றர் பாணி; அதற்கு ஏறத்தாழ ஒரு கிலோ எரிவாயு செலவாகும். 25 லீற்றர் பியரை ஒரு மணி நேரம் கொதிக்க வைப்பதற்கே அவ்வளவு ஆகாது. 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றைத் தீர்த்துப் பன்னிரண்டு பதின்மூன்று லீற்றர் பாணி எடுப்பவனுக்கு மிஞ்சுவது சொற்பம்; மரத்தடியில் பொறுக்கிய விறகுக்கோ விலையில்லை. போதாக்குறைக்கு, எரிவாயுவில் காய்ச்சிய பாணியில் புகைவாசனை இல்லையென்று முகத்தைச் சுளிக்கும் வாடிக்கையாளரும் கண்டிச் சந்தையில் இருக்கிறார்கள்.